கொலிமா முதல் யூகான் கழிமுகம் வரை: பொலாரிஸ் களப்பயிற்சித் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

நிலம் எவ்வளவு ஆழம் உருகியிருக்கிறது என்பதை அளக்கும் கருவி பார்வைக்கு மிகவும் சாதாரணமானது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி, தலைப்பில் குறுக்காகப் பொருத்திய கைப்பிடி, உடல் நெடுகிலும் சென்டிமீட்டர் கோடுகள், அவ்வளவுதான். மாணவர் அதைப் பாசி படர்ந்த தரையில் செங்குத்தாக ஊன்றி அழுத்துகிறார். பாசியும் அதன் கீழுள்ள ஈரக் கரிமண்ணும் எதிர்ப்பே இல்லாமல் வழிவிடுகின்றன. பிறகு ஓர் ஆழத்தில் கம்பி சட்டென்று நின்றுவிட, உள்ளங்கையில் ஓர் அதிர்வு ஏறுகிறது. அந்தப் புள்ளிக்குக் கீழே இருப்பது கோடையிலும் உருகாத உறைமண். எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, சில அடி தள்ளி மறுபடியும் ஊன்றுகிறார். கம்பி கல்லில் மோதினாலும் நிற்கும், பனிக்கட்டியில் மோதினாலும் நிற்கும். இரண்டின் ஒலியும் வேறு என்பது பத்து இருபது முறை குத்திய பிறகுதான் காதுக்குப் பிடிபடும். ஒரே இடத்தை இருவர் அளந்தால், அவரவர் கைப்பலத்துக்கேற்ப எண் ஓரிரு சென்டிமீட்டர் மாறும். அளவுப்பிழை என்பது என்ன என்று வகுப்பறையில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாலும் இந்தத் தெளிவு வருவதில்லை.

ஆர்க்டிக் காலநிலையையும் உயிர்ச்சூழலையும் ஆராயப்போகும் இளைஞர்களுக்கு இத்தகைய பட்டறிவைத் தொடக்கத்திலேயே தர வேண்டும் என்ற நோக்கத்தோடு உருவான முயற்சிகளில், அமெரிக்காவின் பொலாரிஸ் திட்டம் தனித்துப் பார்க்கத் தக்கது. ஓர் இளநிலை மாணவரை உலகின் மிகத் தொலைவான நிலப்பகுதிகளில் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, அங்கே அவருக்கென்று ஒரு சொந்தக் கேள்வியை ஒப்படைத்து, அதன் விடையைத் தேர்ந்த அறிவியலாளர்கள் முன் அவரையே நின்று சொல்லச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அதன் வரலாற்றில் நல்ல சான்றுகள் உள்ளன. களம் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உள்ளன.

தொடக்கமும் இடத் தேர்வும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால்மத்தில் இயங்கும் வுட்ஸ் ஹோல் ஆராய்ச்சி மையம், 2020 முதல் வுட்வெல் காலநிலை ஆராய்ச்சி மையம் என்று அழைக்கப்படுகிறது. அங்கு பணியாற்றிய ஆற்று வேதியியலாளர் மாக்ஸ் ஹோம்ஸின் தலைமையில், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் 2008-ல் இத்திட்டம் தொடங்கியது. அது பன்னாட்டுத் துருவ ஆண்டு கொண்டாடப்பட்ட காலம். இளநிலை மாணவர்களுக்கான சில வாரக் களப்பயிற்சி, அவர்களுடைய கல்லூரிகளில் ஆர்க்டிக் பற்றிய புதிய பாடங்கள், உடன் வரும் இளம் ஆசிரியர்கள் சைபீரியாவில் தங்கள் ஆய்வைத் தொடங்குவதற்கான வாய்ப்பு ஆகிய மூன்றும் ஒரே திட்டத்துக்குள் பின்னப்பட்டிருந்தன. நடுவில் சொன்னது வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. என் பார்வையில் அதுவே கூர்மையான ஏற்பாடு. களத்துக்குச் செல்பவர்கள் சிலரே. ஆனால் உடன் சென்ற ஆசிரியர் ஊர் திரும்பி ஒரு பாடத்தை நடத்தும்போது, அந்தக் களத்தை ஒருபோதும் பார்க்காத பல மாணவர்களுக்கும் அது போய்ச் சேர்கிறது.

களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, வடகிழக்குச் சைபீரியாவில் கொலிமா ஆற்றின் கரையில் உள்ள செர்ஸ்கி என்னும் சிற்றூர். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, ஏறத்தாழ 69 டிகிரி அட்சரேகையில் அது அமைந்துள்ளது. ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் ஜிமோவ் அங்கே கட்டியெழுப்பிய வடகிழக்கு அறிவியல் நிலையம் பல நாட்டு ஆய்வாளர்களை ஏற்கெனவே ஈர்த்திருந்தது. மாமூத் என்னும் பனியுக யானைகள் வாழ்ந்த காலத்துப் புல்வெளியை மீட்கும் முயற்சியாக அவர் 1996-ல் நிறுவிய பிளைஸ்டோசீன் பூங்காவும் அதன் அருகில்தான் இருக்கிறது. இடத் தேர்வுக்கு ஆறே முதன்மையான காரணம். 2,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கொலிமாவின் வடிநிலம் ஏறத்தாழ 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. முழுவதும் இடைவெளியற்ற உறைமண்ணின் மேல் அமைந்த வடிநிலங்களில் உலகிலேயே பெரியது அதுதான். நிலத்தில் உறைந்து கிடக்கும் கார்பன் உருகி, ஓடையில் கலந்து, ஆற்றில் ஓடி, கிழக்குச் சைபீரியக் கடலில் சேரும் வரை என்னென்ன மாற்றம் அடைகிறது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஆறு கிடைப்பது அரிது. திட்டத்தின் அறிவியல் அச்சாக இருந்ததும் அந்தக் கேள்விதான்.

இதன் முக்கியத்துவத்துக்கு இரண்டு எண்கள் போதும். வடபகுதி உறைமண் மண்டலத்தின் மண்ணில் தங்கியுள்ள கரிமக் கார்பன் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன் என்று மதிப்பிடப்படுகிறது. வளிமண்டலத்தில் உள்ள கார்பனைப் போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது.

கேள்வி யாருடையது

செர்ஸ்கியில் மாணவர்கள் தங்கியதும் வேலை செய்ததும் ஆற்றில் நிறுத்தப்பட்ட ஒரு தட்டைப் படகில். ஜூலை மாதத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை என்பதால் வேலைக்கு நேரக் கணக்கு கிடையாது. நள்ளிரவில் நீர் வடிகட்டுவது அங்கே இயல்பான காரியம். ரஷ்ய மாணவர்களும் அமெரிக்க மாணவர்களும் சேர்ந்து இருந்தார்கள். ஆசிரியர்களிலும் நீரியல், தாவரவியல், மண்ணியல், தொலையுணர்வு எனப் பல துறையினர் இருந்தார்கள். கிளார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் ஃப்ரே, செயின்ட் ஓலஃப் கல்லூரியின் ஜான் ஷேட், ஹோலி கிராஸ் கல்லூரியின் வில்லியம் சோப்சாக் ஆகியோர் அவர்களுள் சிலர். உறைமண் சூழலியலாளர் சூ நடாலி பின்னர் திட்டத்தின் முதன்மைப் பொறுப்புக்கு வந்தார்.

பெரும்பாலான களப்பயிற்சிகளில் மாணவர் ஆசிரியரின் ஆய்வுக்கு உதவியாளராக இருப்பார். மாதிரி எடுப்பார், புட்டிக்குச் சீட்டு ஒட்டுவார், ஊர் திரும்புவார். பொலாரிஸில் ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஓர் ஆய்வுத் திட்டத்தை வகுத்துக்கொண்டு, களத்தில் அதை நடத்தி, ஆய்வகத்தில் பகுத்து, டிசம்பரில் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முன்வைக்க வேண்டும். பல்லாயிரம் அறிவியலாளர்கள் கூடும் அரங்கில், தாம் எடுத்த நீரின் வரைபடத்தைத் தொங்கவிட்டு, கேட்பவர் யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஒரு நிபந்தனை களத்தில் நடக்கும் எல்லாவற்றின் தன்மையையும் மாற்றிவிடுகிறது. நீர் மாதிரி எடுப்பதையே எடுத்துக்கொள்வோம். உறைமண் நிலத்து ஓடை நீர் வடித்த தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் மண்ணிலிருந்து கரைந்து வந்த கரிமப் பொருளால் ஆனது. அதை அளப்பதற்கு, 450 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சுட்டெடுத்த கண்ணாடியிழை வடிதாளில் நீரை வடிகட்ட வேண்டும். தாளின் துளை 0.7 மைக்ரான். வண்டல் மிகுந்த நீர் என்றால் சில மில்லிலிட்டரிலேயே தாள் அடைத்துக்கொள்ளும். ஊசிக்குழலை அழுத்தும் பெருவிரல் வலிக்கத் தொடங்கும். தாளை மாற்றி மறுபடியும் தொடங்க வேண்டும். இதற்கிடையே முகத்தைச் சுற்றிக் கொசுக்கூட்டம். கொசு விரட்டிக் களிம்பைத் தடவிய கையால் புட்டியின் வாயைத் தொட்டுவிட்டால், களிம்பில் உள்ள கார்பனும் சேர்ந்து மாதிரி கெட்டுவிடும். இப்படி ஏதாவது கலந்திருக்கிறதா என்று அறிய, தூய நீரையும் களத்துக்கே எடுத்துச் சென்று, அதே புட்டியில், அதே தாளில் வடித்து வைப்பது வழக்கம். வேறொருவரின் ஆய்வுக்காக வடிப்பவர், தூய நீரில் கார்பன் இருப்பதாக எண் வந்தால் அதை ஆசிரியரிடம் தந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். டிசம்பரில் தாமே நின்று விளக்க வேண்டியவருக்கு அந்த எண் தூக்கத்தைக் கெடுக்கும்.

களத்தில் கேள்வி மாறுவதும் இயல்பு. லார்ச் என்னும் ஊசியிலை மரக் காட்டில் மர அடர்த்தி கூடினால் மண் உருகும் ஆழம் குறையும் என்று எண்ணி ஒரு மாணவர் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாளே, மரத்தைவிடக் காலடியில் உள்ள பாசியின் தடிமன்தான் எண்ணை முடிவு செய்கிறது என்று அவருக்குத் தெரியவரலாம். அப்போது பழைய கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்பதா, புதியதற்கு மாறுவதா, மாறினால் எஞ்சிய நாட்களுக்குள் எத்தனை இடங்களை அளக்க முடியும் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், ஆனால் முடிவை எடுத்துத் தரமாட்டார். அனுபவம் மிக்க ஓர் ஆசிரியருக்கு இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது எளிதன்று; களப்பயிற்சியில் ஆசிரியருக்கான பயிற்சியும் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

துவன்னி யார் சொன்ன செய்தி

செர்ஸ்கியிலிருந்து கொலிமாவில் மேல்நோக்கிச் சென்றால் துவன்னி யார் என்னும் இடம் வருகிறது. ஆறு கரையை அரித்து அரித்து, பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு செங்குத்துச் சுவரை அங்கே வெட்டி வைத்திருக்கிறது. பனியுகத்தில் படிந்த, கரிமம் செறிந்த, பாதிக்கும் மேல் பனிக்கட்டியாலேயே ஆன யெடோமா என்னும் மண் அது. கோடை வெயிலில் சுவர் உருகிச் சேறாக வழிகிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த விலங்குகளின் எலும்புகள் சேற்றோடு வெளியே வருகின்றன. உறைமண் உருகுவதைப் பாடநூலில் படித்துவிட்டு வருபவர், இங்கே அதைக் கண்ணால் பார்ப்பதோடு மூக்காலும் அறிகிறார்.

இந்தச் சுவரிலிருந்து வழியும் சிற்றோடைகளின் நீரை ஆராய்ந்து, ஜோரியன் வோங்க் தலைமையில், ஹோம்ஸ், ஷேட், சோப்சாக், ஜிமோவ் உள்ளிட்டோர் 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நீரில் கரைந்திருந்த கார்பனின் வயது, கதிர்க்கார்பன் முறையில் கணக்கிட்டபோது, 21,000 ஆண்டுகளுக்கும் மேல். அத்தனை பழைய கரைந்த கார்பன் அதுவரை எங்கும் பதிவானதில்லை. நீரைப் புட்டியில் அடைத்து, ஆற்று நீரின் வெப்பநிலையில், இருட்டில் வைத்தபோது, 14 நாட்களில் 34 விழுக்காடு கார்பன் நுண்ணுயிர்களால் உண்ணப்பட்டு மறைந்துவிட்டது.

இத்தனை ஆயிரம் ஆண்டுகள் எஞ்சியிருக்கும் பொருள் எளிதில் சிதையாத கடினப் பொருளாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. அது எஞ்சியதற்குக் காரணம் குளிர் மட்டுமே என்று அந்தப் புட்டிகள் காட்டின. குளிர் விலகியதும் அது நுண்ணுயிர்களுக்கு விருந்தாகிவிடுகிறது. அதற்கும் மேலாக ஒரு விளைவு உண்டு. பழைய கார்பன் மேல்மட்ட ஓடைகளிலேயே உண்ணப்பட்டு வாயுவாகிவிட்டால், பேராற்றின் முகத்துவாரத்தில் மட்டும் மாதிரி எடுப்பவருக்கு அதன் சுவடே தென்படாமல் போகலாம். ஹோம்ஸ் பங்கேற்ற மற்றொரு முயற்சியில், ஓப், யெனிசேய், லீனா, கொலிமா, யூகான், மெக்கென்சி ஆகிய 6 பேராறுகளின் நீர் 2003 முதல் ஒரே முறையில் அளக்கப்பட்டு வருகிறது. அந்த அளவீடு இன்றியமையாதது. ஆனால் அதோடு, பெயரில்லாத சிற்றோடைகளில் இறங்கி நின்று நீர் அள்ளவும் ஆட்கள் வேண்டும். பரந்து கிடக்கும் சிறிய நீர்நிலைகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று அளக்கும் வேலை, தலைக்கொரு கேள்வியோடு பிரிந்து செல்லும் மாணவர் குழுவுக்கு மிகவும் பொருந்தி வருகிறது. பயிற்சிக்காக வடிவமைத்த ஏற்பாடு, ஆய்வுக்கே ஏற்ற ஏற்பாடாகவும் அமைந்தது இந்தத் திட்டத்தின் நற்பேறு.

அலாஸ்காவின் எரிந்த நிலம்

2015 கோடையில் அலாஸ்காவில் 50 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எரிந்தது. யூகான், குஸ்கோக்விம் ஆகிய இரு ஆறுகள் சேர்ந்து உருவாக்கிய பரந்த கழிமுகத்திலும் 700 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூந்திர நிலம் தீக்கிரையானது. ஈரமும் குளிரும் நிறைந்த தூந்திரத்தில் இத்தனை பெரிய தீ எளிதில் நேர்வதில்லை. 2017 முதல் பொலாரிஸ் மாணவர்களின் களம் இந்தக் கழிமுகத்துக்கு மாறியது.

இங்கே வசதி இன்னும் குறைவு. பகுதியின் மையமான பெதல் என்னும் ஊருக்கே வெளியிலிருந்து சாலைத் தொடர்பு கிடையாது. அங்கிருந்து சிறு விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ தூந்திரத்தில் இறங்கி, கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். மழை, காற்று, கொசு, ஈரமான காலுறை ஆகியவற்றோடு, கரடி நடமாடும் நிலம் என்ற எச்சரிக்கையும் எப்போதும் உண்டு. சமையல், தண்ணீர் சுத்திகரிப்பு, தனியாக எங்கும் போகாமல் இருப்பது, போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போவது எல்லாம் பயிற்சியின் பகுதிகளே. நார்வேயின் ஸ்வால்பார்டில் 1993 முதல் இயங்கும் பல்கலைக்கழக மையத்தில், பாதுகாப்புப் பயிற்சியை முடிக்காமல் மாணவர் யாரும் களத்துக்குப் போக முடியாது. பனிக்கரடிக்கு எதிராகத் துப்பாக்கியைக் கையாளவும் அங்கே கற்றுத்தருகிறார்கள். ஆர்க்டிக் களப்பயிற்சி எங்கே நடந்தாலும், அறிவியலுக்கு முன்பு உயிர்ப்பாதுகாப்பு வந்துவிடுகிறது.

ஆய்வின் நோக்கில் பார்த்தால், எரிந்த நிலமும் எரியாத நிலமும் அருகருகே கிடைப்பது அரிய வாய்ப்பு. லைக்கனும் பாசியும் கொண்ட மேற்படலம் மண்ணுக்குப் போர்வை போல் இருந்து கோடை வெப்பத்தைத் தடுக்கிறது. தீ அந்தப் போர்வையை உரித்துவிடுகிறது. கருகிய தரை வெயிலை அதிகம் உறிஞ்சுகிறது. உருகும் ஆழம் கூடுகிறது. முன்பு சொன்ன எஃகுக் கம்பியோடு எரிந்த திட்டிலிருந்து எரியாத திட்டுக்கு நடந்தால், இந்த வேறுபாட்டைக் கையாலேயே உணரலாம். மண்ணின் மேல் கவிழ்த்த பெட்டியில் சேரும் கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனையும் ஒருவர் அளக்க, குட்டையின் நீரை மற்றொருவர் வடிக்க, மீண்டும் துளிர்க்கும் செடிகளை இன்னொருவர் எண்ண, அதே இடத்தின் மீட்சி ஆண்டுக்கு ஆண்டு பதிவாகிறது.

தேர்வு முறையிலும் ஒரு மாற்றம் கவனிக்கத் தக்கது. ஆர்க்டிக் அறிவியலில் இதுவரை இடம் குறைவாகவே கிடைத்த சமூகங்களைச் சேர்ந்த மாணவர்களை வரவழைப்பதைத் திட்டம் வெளிப்படையான நோக்கமாக வைத்தது. களப்பயணத்துக்குப் பணமும், முன்பின் தெரிந்த ஆசிரியரும், கூடாரத்தில் வளர்ந்த பழக்கமும் உள்ளவர்களே துருவ ஆய்வுக்குப் போகிறார்கள் என்ற நிலை மாறாவிட்டால், கேட்கப்படும் கேள்விகளும் அவர்களுடையவையாக மட்டுமே இருக்கும். இந்தக் கழிமுகம் யூபிக் மக்களின் வாழ்நிலம். சால்மன் மீனும், தூந்திரத்துப் பழங்களும், பறவை வேட்டையும் அவர்களுடைய அன்றாட உணவோடு பிணைந்தவை. உறைமண் உருகி, ஆற்றங்கரை சரிந்து, நியூடாக் என்னும் ஊரின் மக்கள் 2019 முதல் மெர்டார்விக் என்னும் புதிய இடத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. இத்தகைய நிலத்தில் மூன்று வாரம் தங்கி மாதிரி எடுத்துக்கொண்டு போவது மட்டும் போதாது என்ற உணர்வு பயிற்சியின் தொடக்கத்திலேயே ஊட்டப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அங்கு வாழும் மக்கள் பல தலைமுறைகளாகப் பனியையும் ஆற்றையும் கவனித்து வருபவர்கள். அவர்களிடம் கேட்டு உருவாகும் கேள்வி, நூலகத்தில் உருவாகும் கேள்வியைவிடப் பல நேரங்களில் கூர்மையாக இருக்கும். 2022-ல் வுட்வெல் மையம் தொடங்கிய பெர்மாஃப்ராஸ்ட் பாத்வேஸ் என்னும் பெருந்திட்டம், உறைமண் ஆய்வையும் அலாஸ்காப் பூர்வகுடி ஊர்களின் இடப்பெயர்வுச் சிக்கல்களையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதும், அதற்குத் தலைமை ஏற்றவர் சூ நடாலி என்பதும் இந்தப் பாதையின் தொடர்ச்சியே.

மூடிய கதவும் காணாத பருவமும்

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடுத்த பிறகு, மேலை நாட்டு அறிவியலாளர்களுக்கும் ரஷ்ய நிலையங்களுக்கும் இடையிலான கூட்டுப்பணி பெருமளவு அறுந்துபோனது. ஆர்க்டிக் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவில் உள்ளது. ரஷ்ய நிலையங்களின் தரவு இல்லாமல் ஆர்க்டிக் முழுவதையும் பற்றி முடிவு செய்தால் ஏற்படும் பிழை, சில அளவீடுகளில், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் எதிர்பார்க்கப்படும் காலநிலை மாற்றத்தின் அளவையே எட்டக்கூடும் என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. யெடோமா மண்ணை அதன் இடத்திலேயே நின்று பார்க்கும் வாய்ப்பு, செர்ஸ்கிக்குச் சென்ற மாணவர்களுக்குக் கிடைத்தது போல், இன்று அமெரிக்காவில் படிக்கும் ஒருவருக்குக் கிடைப்பதில்லை. சேர்ந்து மாதிரி எடுத்த இரு நாட்டு இளைஞர்களுக்கு இடையில் வளர்ந்திருக்க வேண்டிய நீண்ட காலத் தொழில் உறவும் அதோடு பாதிக்கப்பட்டது. என்னைப் பொறுத்தவரை, தரவு இழப்பைவிட இந்த இழப்பே பெரியது. தரவில் விழுந்த இடைவெளியைச் செயற்கைக்கோள் ஓரளவு நிரப்பும். ஒருவரையொருவர் நம்பி ஒரே படகில் வேலை செய்த பழக்கத்தை அதனால் நிரப்ப முடியாது.

திட்டத்தின் அமைப்பிலேயே உள்ள குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். களப்பயிற்சி கோடையில்தான் நடக்கிறது. கல்லூரி விடுமுறை, விமான வசதி, கூடார வாழ்க்கை ஆகிய எல்லாவற்றுக்கும் ஜூலை மாதமே ஏற்றது. ஆனால் நடாலி தலைமையில் 2019-ல் வெளியான ஆய்வின்படி, உறைமண் பகுதியில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் மண்ணிலிருந்து வெளியேறும் கார்பன் ஆண்டுக்கு ஏறத்தாழ 166 கோடி டன். வளரும் பருவத்தில் செடிகள் உள்வாங்குவதோ ஏறத்தாழ 103 கோடி டன். கணக்கைத் தீர்மானிக்கும் பருவத்தை மாணவர்கள் பார்ப்பதே இல்லை. பசுமையான தூந்திரத்தை மட்டும் கண்டு திரும்புபவரின் மனத்தில், குளிர்காலத்தில் நிலம் செயலற்றுக் கிடக்கிறது என்ற எண்ணம் படிந்துவிட வாய்ப்புண்டு. மாணவர்களைப் பிப்ரவரி மாதத்தில் அங்கே அனுப்புவது இப்போதைக்கு நடக்கக் கூடியதன்று. ஆகவே குளிர்காலத் தரவை அவர்கள் கையில் கொடுத்து, தாம் கோடையில் அளந்த அதே இடத்தோடு ஒப்பிடச் சொல்வதைப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்கான கருவிகள் அங்கேயே இருக்கின்றன. கழிமுகத்தில், எரிந்த நிலத்தில் ஒன்றும் எரியாத நிலத்தில் ஒன்றுமாக, காற்றின் ஒவ்வொரு சுழலிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைப் பதிவு செய்யும் அளவீட்டுக் கோபுரங்கள் நிற்கின்றன. டிசம்பரில் மாணவர் தம் வரைபடத்தோடு அரங்கில் நிற்கும் நேரத்தில், அவர் கம்பி ஊன்றிய இடம் பனிக்கு அடியில் இருக்கிறது. அதற்கு மேலே அந்தக் கோபுரம் வினாடிக்குப் பல முறை எண்களை எழுதிக்கொண்டிருக்கிறது.